கொடுமுடிக் குரல் – 7: விரட்டுவதற்குச் சொன்ன விலை

1933 டிசம்பர் 2. நாடக மேடையில் சுந்தராம்பாளின் ஜோடியும் கணவருமான கிட்டப்பா போய்விட்டார். அவருக்கு வயது 27, சுந்தராம்பாளுக்கு 25.

போன வாரம் இங்கேதான் நிறுத்தினோம். அழுது தீர்க்கக்கூட அவகாசம் கிடைக்காத தொழில் அது. ஸ்பெஷல் நாடகத்தில் ஜோடி குலைந்தால் செட்டே குலைந்த மாதிரி. அதில் வள்ளியாகவும் வேலனாகவும் நடிப்பவர்கள் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்துவிட்டு வருபவர்கள் அல்ல. மேடையிலேயே ஒருவரை ஒருவர் மடக்க வேண்டும். பாட்டுக்கு எதிர்ப்பாட்டு, தர்க்கத்துக்குப் பதில் தர்க்கம். பக்கத்தில் ஆர்மோனியம். அப்போது மைக் கிடையாது. கொட்டகையின் கடைசி பெஞ்சு வரை தொண்டைதான் போய்ச் சேர வேண்டும்.

1926-ல் இலங்கையில் இருவரும் ஜோடி சேரவிருந்தபோது, கிட்டப்பாவுக்கு ஈடுகொடுத்துப் பாட முடியாது என்று சுந்தராம்பாளைப் பயமுறுத்தினார்களாம். ஓடும் ரயிலில் பாடிக் காசு வாங்கிய பிள்ளைக்கு இரைச்சலை மீறிப் பாடத் தெரியாதா என்ன!

இப்போது அதே பெண் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு தன் ஊரான கொடுமுடியில் உட்கார்ந்துவிட்டார். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்பது முடிவு. பாதிப் பிழைப்பு போயிற்று. பாதி என்ன, முக்கால்வாசி!

இதைத் துக்கம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் ஒரு பாட்டுக்காரியின் கணக்கும் தெரிகிறது. எதிரே நிற்பவர் சுமாராகப் பாடினால் தன் பாட்டும் இறங்கிவிடும் என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

அப்போதுதான் ஆசன்தாஸ் வந்தார். சினிமா எடுப்பவர். ஜோடியே வேண்டாம், சிவபக்தர் நந்தனாராக நீங்களே நடியுங்கள் என்றார். சுந்தராம்பாள் மறுத்தார். ஆசன்தாஸ் விடுவதாக இல்லை. ஆளை விரட்ட ஒரே வழிதான் தோன்றியது: ஒரு லட்சம் ரூபாய் கேட்டார். பவுன் முப்பது ரூபாயைத் தொடாத காலம் அது.

வந்தவர் சரி என்றுவிட்டார்.

கல்கத்தாவில் படப்பிடிப்பு, டைரக்டர் மாணிக் லால் டாண்டன். நந்தனாரின் எஜமானரான வேதியராக மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர், கச்சேரி மேடையின் பெரிய வித்வான். அவருக்கு எதிரே ஆண் வேடத்தில் கொடுமுடிப் பெண். 1935-ல் ‘பக்த நந்தனார்’ வெளிவந்தது. ஊரெல்லாம் அந்த லட்ச ரூபாயைப் பற்றியே பேச்சு.

விகடன் பத்திரிகையில் எழுத்தாளர் கல்கி விமர்சனம் எழுத உட்கார்ந்தார். நடிப்பில் முதல் பாராட்டை அவர் சுந்தராம்பாளுக்கும் கொடுக்கவில்லை, மகாராஜபுரத்துக்கும் கொடுக்கவில்லை. மனுஷர் யாருக்குமே கொடுக்கவில்லை!

பிறகு யாருக்கு?

(அடுத்த வாரம்)