லைப்போசோமில் பொதிந்த வைட்டமின்கள்: காப்பும் கடத்தலும்

லெசித்தினை நீரில் இட்டால் அது சர்க்கரைபோல் கரைந்து மறைவதில்லை. ஊறி, மடிந்து, உருண்டுகொள்கிறது. முட்டை மஞ்சள் கருவிலிருந்தும் சோயாவிலிருந்தும் எடுக்கப்படும் இந்தப் பாஸ்போலிப்பிட்டின் தலை நீரை நாடும். இரட்டை வால் நீரை விலக்கும். வால்களை உள்ளே மறைத்து ஈரடுக்காக நிற்கும் படலம், விளிம்பு நீரில் படாதிருக்கத் தன்னையே மூடிக்கொள்ளும்போது உண்டாகும் நுண்குமிழே லைப்போசோம். சுவரின் தடிமன் 4 முதல் 5 நானோமீட்டர். விட்டம் 20 நானோமீட்டரில் தொடங்கிச் சில மைக்ரான் வரை போகும். நீரில் கரையும் சி, பி வைட்டமின்கள் உள்நீரில் தங்கும். கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே சுவருக்குள்ளேயே செருகிக்கொள்ளும். பின்னால் வரும் சிக்கல்களில் பாதி இந்த இட வேறுபாட்டிலிருந்து கிளைப்பவை.

கேம்பிரிட்ஜுக்கு அருகிலுள்ள பாப்ரஹாமில் அலெக் பாங்ஹாம், ஹார்னுடன் சேர்ந்து மின்னணு நுண்ணோக்கியில் கண்ட இந்த அமைப்பு 1964-இல் கட்டுரையாக வெளிவந்தது. இன்றைய பெயர் 1968-இல் ஜெரால்ட் வைஸ்மன் வழியே வந்தது. மருத்துவத்தில் இதன் பெருவெற்றிகள் ஊசி வழியே கிடைத்தவை. பீகாரில் காலா அசார் நோயாளிகளிடம், லைப்போசோமில் பொதிந்த ஆம்போடெரிசின் பி ஒரே தவணையில் பயன் தருவதை 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்நோயின் ஒட்டுண்ணி குடியிருக்கும் கல்லீரல், மண்ணீரல் விழுங்கணுக்களே குமிழ்களையும் விழுங்குகின்றன. விலாசம் தானாகவே பொருந்திவிட்டது. 1986-இல் கிறிஸ்டியன் டியோரின் ‘காப்ச்சூர்’ களிம்போடு லைப்போசோம் ஒப்பனைக் கடைக்கு வந்தது. ‘கொண்டு சேர்த்தல்’ என்ற சொல்லும் மருந்துலகிலிருந்து உடன் வந்தது. இரத்தக் குழாயில் பொருந்தும் அந்தச் சொல் குடலிலும் தோலிலும் அவ்வளவாகப் பொருந்தாது. அங்கே லைப்போசோம் முதலில் காவல். வாகனம் என்பது இரண்டாம்பட்சம், அதுவும் எந்த வைட்டமின் என்பதைப் பொறுத்தது.

முதற்சான்று எளிய வடிவக் கணக்கு. 100 நானோமீட்டர் விட்டமுள்ள ஒற்றைச் சுவர்க் குமிழில் சுவர் 5 நானோமீட்டர் என்று கொண்டால், மொத்தக் கொள்ளளவில் 73 விழுக்காடு உள்நீர். விட்டம் 30 நானோமீட்டராகக் குறைந்தால் உள்நீர் 30 விழுக்காடுதான், மீதியெல்லாம் சுவர். ‘எவ்வளவு சிறிதோ அவ்வளவு சிறப்பு’ என்னும் விளம்பர வாசகம் வைட்டமின் சி-யைப் பொறுத்தவரை தலைகீழ். ஒரு கிராம் வைட்டமின் சி கரைய ஏறத்தாழ 3 மில்லிலிட்டர் நீர் வேண்டும். அவ்வளவையும் 100 நானோமீட்டர்க் குமிழ்களுக்குள் அடைக்க, சொட்டும் வெளியே சிந்தாது என்று வைத்துக்கொண்டாலும், ஒரு கிராமுக்கு மேல் பாஸ்போலிப்பிட் தேவை. உலர்ந்த தூளை அடைத்த கேப்ஸ்யூல் ஒன்று ‘1000 மில்லிகிராம் லைப்போசோம் வைட்டமின் சி’ என்று சொல்லிக்கொண்டால், அதற்குள் குமிழ் இருக்கிறதா, அல்லது வைட்டமினும் லெசித்தினும் அருகருகே கிடக்கின்றனவா என்ற கேள்வி எழுவது இயல்பே.

ஆய்வுக்கூடத்தில் லெசித்தினைக் குளோரோஃபார்மில் கரைத்து, உருண்டைக் குடுவையைச் சுழற்றியபடி ஆவியாக்குவார்கள். கண்ணாடியின் உட்புறத்தில் பாலாடைபோல் மெல்லிய ஏடு படியும். நீர் ஊற்றிக் குலுக்கினால் ஏடு உரிந்து கரைசல் பால்போல் வெளுக்கும். அதை நுண்துளைச் சவ்வு வழியே பலமுறை அழுத்தித் தள்ளத் தள்ள வெண்மை தெளிந்து இளநீலச் சாயை தட்டும். குமிழ்கள் சிறுத்துவிட்டதைக் கண்ணே சொல்லிவிடும். உணவில் குளோரோஃபார்முக்கு இடமில்லை. ஆகவே தொழிற்சாலைகள் எத்தனாலில் கரைத்து நீரில் செலுத்தும் முறையையோ உயர் அழுத்த ஒருபடியாக்கியையோ நாடுகின்றன.

காவல் பணியில் லைப்போசோமின் தகுதி ஐயத்துக்கு இடமற்றது. தாமிர அயனியும் ஆக்சிஜனும் சேர்ந்தால் வைட்டமின் சி விரைவில் சிதையும். குமிழுக்குள் பொதிந்தது பன்மடங்கு நீடித்ததை 1991-இல் கிர்பியும் அவர் குழுவினரும் காட்டினர். செடார் பாலாடைக்கட்டியில் வைட்டமின் டி சேர்த்த கனடிய ஆய்வு (2000) இன்னும் கூர்மையானது. பாலில் சேர்த்த வைட்டமினில் கட்டியில் எஞ்சியது, லைப்போசோம் வழியில் சுமார் 60 விழுக்காடு; பாலாடையில் கலந்தபோதும் வணிகப் பால்மம் சேர்த்தபோதும் சுமார் 40. மீதி கட்டியில் தங்காமல் போய்விடுகிறது. இங்கே குடலைப் பற்றிய பேச்சே இல்லை. பொருளை வேண்டிய இடத்தில் நிறுத்திவைத்ததுதான் ஆதாயம்.

விழுங்கிய பின் கதை மாறுகிறது. இரைப்பை அமிலத்தைத் தாண்டிய குமிழைச் சிறுகுடலில் பித்த உப்புகள் சோப்புபோல் கரைக்கின்றன. கணைய நொதியான பாஸ்போலிப்பேஸ் ஏ2 சுவர் மூலக்கூறுகளையே வெட்டுகிறது. கொலஸ்ட்ராலோ நிறைவுற்ற பாஸ்போலிப்பிட்டோ சேர்த்தால் சுவர் சற்றுத் தாங்கும், அவ்வளவே. கொழுப்பில் கரையும் வைட்டமின்களுக்கு இந்தச் சிதைவு நட்டமன்று. உடைந்த சுவர் பித்த உப்போடு சேர்ந்து மைசெல் என்னும் நுண்திரளாகிறது. குடல் இந்த வைட்டமின்களை உறிஞ்சுவதும் மைசெல் வழியேதான்.

வைட்டமின் சி-யின் நிலை வேறு. அதை உறிஞ்சும் கடத்திப் புரதம் ஓரளவுக்கு மேல் நிறைவடைந்துவிடுகிறது. 200 மில்லிகிராம் வரை ஏறத்தாழ முழுதும் உறிஞ்சப்படும். ஒரு கிராமுக்கு மேல் போனால் பாதிகூடச் சேராது. இந்தத் தடையை லைப்போசோம் தாண்டுகிறது என்போர், 11 பேருக்கு 4 கிராம் கொடுத்த 2016-ஆம் ஆண்டு ஆய்வைக் காட்டுவார்கள். பொதியாத வைட்டமினைவிட இரத்த அளவு கூடியது உண்மை. ஊசி வழியே செலுத்தியதைவிட அது குறைவு என்பதும் அதே ஆய்வின் முடிவு. குமிழ் முழுசாகக் குடற்சுவரைக் கடந்ததா, மெல்லக் கசிந்து கடத்திக்குச் சிறுகச் சிறுக ஊட்டியதா என்பதை இரத்த அளவு மட்டும் பிரித்துக் காட்டாது. தேவைக்கு மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

தோலின் வாசல் இன்னும் குறுகல். 10 முதல் 20 மைக்ரான் தடிமனுள்ள இறந்த செல் அடுக்கு, 500 டால்டனுக்கு மேற்பட்ட மூலக்கூறுகளைப் பெரும்பாலும் தடுக்கிறது. லைப்போசோமின் மொத்த எடையோ பல கோடி டால்டன். ஆயினும் ஹாலிஃபாக்ஸில் மெசெய், குலசேகரம் இருவரும் 1980-இல் முயல் தோலில் செய்த சோதனையில், லைப்போசோமில் பொதிந்த ஸ்டீராய்டு தோலில் கூடுதலாகவும் உடலின் பிற பகுதிகளில் குறைவாகவும் சேர்ந்தது. குமிழ் அப்படியே நுழைந்தது என்பதற்கு இது சான்றாகாது; பாஸ்போலிப்பிட் மேலடுக்கின் கொழுப்போடு கலந்து வழியை இளக்கியிருக்கவும் கூடும். பயனருக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் வைட்டமின் சி களிம்பில் ஒரு முரண்பாடு உண்டு: அது தோலுக்குள் நன்கு இறங்கக் கரைசலின் pH 3.5-க்குக் கீழே வேண்டும். பாஸ்போலிப்பிட் மிகக் குறைவாகச் சிதைவதோ 6.5 அருகில். சரக்குக்கு ஏற்ற அமிலத்தில் பெட்டி அரிபடுகிறது. களிம்பின் பால்மமாக்கிகளும் அதே சுவரைக் கரைப்பவை. நடுநிலையில் நிலைக்கும் வைட்டமின் சி வழிப்பொருள்களையும் சுவரிலேயே தங்கும் வைட்டமின் ஈ-யையும் தேர்ந்தால் இந்த இடர் பெரிதும் நீங்கும்.

இவ்வளவையும் சிமிழ்ச் சீட்டு சொல்வதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009-ஆம் ஆண்டு ஒப்பனைப் பொருள் விதி, கரையாத அல்லது உடலில் நிலைத்துநிற்கும் நுண்பொருள்களையே ‘நானோ’ என்று வரையறுக்கிறது. எளிதில் சிதையும் லைப்போசோம் பொதுவாக அதில் அடங்காது. அடைபட்ட வைட்டமினையும் வெளியே மிதப்பதையும் பிரித்தறிய ஜெல் வடிகட்டல், சவ்வுப் பிரிப்பு போன்ற பழகிய முறைகள் உள்ளன. தயாரித்த நாளில் ஒருமுறையும் காலாவதிக்குச் சற்று முன் ஒருமுறையும் அந்த விகிதத்தை அளந்து அச்சிட்டால், சிமிழுக்குள் இருப்பது லைப்போசோமா, லெசித்தின் கலவையா என்பது வாங்குபவருக்கே தெரிந்துவிடும்.