மனை ஒருவருக்கு, வீடு இன்னொருவருக்கு

பழைய சென்னையில் மனைக்காரர் ஒருவர், வீட்டுக்காரர் இன்னொருவர் என்பது சர்வசாதாரணம். மனைக்கு வாடகை கொடுத்துவிட்டு, அதன்மேல் சொந்தச் செலவில் வீடு கட்டிக்கொள்வார்கள். எத்தனை ஆண்டுக்கு என்று பெரும்பாலும் எழுத்து எதுவும் கிடையாது. நியாயமான வாடகை போய்ச் சேரும்வரை யாரும் கிளப்பமாட்டார்கள் என்ற நம்பிக்கையே போதுமானதாக இருந்தது.

1920-ஐ ஒட்டி அது ஆட்டம் கண்டது. மனைக்காரர்கள் பலர் குடியிருந்தவர்களை வெளியேற்ற முனைந்தார்கள். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, வெளியேறுகிறவர் தான் கட்டியதைப் பிரித்து எடுத்துப் போகலாம். வீட்டைப் பிரித்தால் மிஞ்சுவது என்ன? தவிர, வீடுகள் கூட்டமாக இடிபட்டால் நகரின் மற்றப் பகுதிகளில் நெரிசல் கூடும் என்ற கவலை அரசுக்கும் இருந்தது.

இப்படி வந்ததுதான் 1921-ஆம் ஆண்டின் சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம். வெளியேற்றினால் கட்டடத்துக்கும் வைத்த மரங்களுக்கும் இழப்பீடு தர வேண்டும் என்றது மூன்றாம் பிரிவு. ஒன்பதாம் பிரிவு இன்னும் துணிச்சலானது. வெளியேற்ற வழக்குப் போட்டால், அந்த மனையையே தனக்கு விற்கும்படி குடியிருப்பவர் நீதிமன்றத்தில் கேட்கலாம். விலையை நீதிமன்றம் நிர்ணயிக்கும்.

1955-இல் சட்டம் மற்ற ஊர்களுக்கும் நீண்டது. குடிசைக்காரர் மட்டுமல்ல, சினிமா கொட்டகைக்காரரும் பஸ் கம்பெனியும் அதைப் பிடித்துக்கொண்டு நீதிமன்றம் ஏறினார்கள். 1960-இல் அரசு கத்தரிக்கோலை எடுத்தது: சென்னை, மதுரை, கோவை, திருச்சி, சேலம் தவிர்த்த ஊர்களில் குடியிருப்புக் கட்டடங்களுக்கு மட்டுமே பாதுகாப்பு. தஞ்சாவூரில் மடத்து நிலத்தில் இருந்த சுவாமி மோட்டார் டிரான்ஸ்போர்ட்ஸ் இந்தப் பாகுபாட்டை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. கோவையின் கர்நாடிக் டாக்கீஸோ, காலியாக ஒப்படைப்பதாகக் குத்தகையில் எழுதியிருந்தும் 1964-இல் வென்றது.

பெரிய வெட்டு 1996-இல் விழுந்தது. கோயில், மசூதி, தேவாலயம் என எல்லா மத நிறுவனங்களின் நிலத்துக்கும் சட்டம் பொருந்தாது என்று திருத்தம் வந்தது. நிலுவையிலிருந்த வழக்குகளும் அற்றுப்போயின. கபாலீசுவரர் கோயில் நிலத்தில் இருந்த மயிலாப்பூர் கிளப் வழக்காடியது. திருத்தம் செல்லும் என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கோயில் மனையில் கட்டியவர்கள் அதை விலைக்குக் கேட்க இந்தச் சட்டத்தில் இருந்த வழி அத்துடன் அடைபட்டது.