காணொளியில் பாரிசவாத வைத்தியம்: பெருந்தொற்றுக் காலத்து அனுபவம்

நாங்கள் பாரிசவாதம் என்பதைத் தமிழகத்தில் பக்கவாதம் என்பார்கள். மூளைக்குக் குருதி கொண்டுபோகும் குழாய் அடைபட்டாலும் வரும், வெடித்தாலும் வரும். பெரும்பாலானவை அடைப்பினால் வருபவை. அடைப்பைக் கரைக்க அல்ரெப்ளேஸ் என்ற மருந்து இருக்கிறது. வழமையாக நோய் தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் அதை ஏற்ற வேண்டும். பெரிய குழாய் அடைபட்டிருந்தால் தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்திக் குருதிக்கட்டியை வெளியே இழுத்தெடுப்பார்கள். இந்தச் சிகிச்சை 2015 இல் வெளிவந்த ஆய்வுகளுக்குப் பிறகே பரவலாக நிலைபெற்றது. ஆனால் குழாய் வெடித்தவருக்குக் கரைக்கும் மருந்தைக் கொடுத்தால் ஆளே போய்விடுவார். ஆகவே முதலில் ஸ்கான் எடுத்தாக வேண்டும்.

பெரிய குழாய் அடைபட்டுச் சிகிச்சை இல்லாமல் கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் சராசரியாக 19 இலட்சம் நரம்புக் கலங்கள் அழிகின்றன என்று அமெரிக்க நரம்பியல் வைத்தியர் ஜெஃப்ரி சேவர் 2006 இல் கணித்தார். கணக்கெழுதிப் பிழைக்கிறவன் என்பதால் பெருக்கிப் பார்த்தேன். ஒரு மணித்தியாலத்துக்கு 11 கோடியே 40 இலட்சம். எந்த வட்டிக்காரனும் கேட்காத வட்டி இது.

மருந்து எங்கும் கிடைக்கும், அதைக் கொடுக்கலாமா என்று தீர்மானிக்கும் நிபுணர் எங்கும் கிடைக்கமாட்டார். சின்ன ஊர் வைத்தியசாலையில் இரவு இரண்டு மணிக்கு அவரை எங்கே தேடுவது? அவரைக் காணொளியில் கூப்பிடலாம் என்ற யோசனை 1990களிலேயே எழுந்தது. ஜேர்மனியின் பவேரியா மாநிலத்தில் 2003 முதல் சிறிய வைத்தியசாலைகளைப் பெரிய நிலையங்களோடு இணைக்கும் வலையமைப்பு இயங்குகிறது. தொலைபேசியில் கேட்டுச் சொன்னால் போதாதா என்ற கேள்விக்குக் கலிபோர்னியாவில் நடந்த ஆய்வு ஒன்று 2008 இல் விடை தந்தது. காணொளியில் பார்த்தவர்களின் தீர்மானம் 98 வீதம் சரியாக இருந்தது. தொலைபேசியில் கேட்டவர்களுடையது 82 வீதம். முகம் கோணுவதையும் கை தாழ்வதையும் காதால் பார்க்க முடியாது.

2020 மார்ச்சில் எல்லாம் மாறியது. கொரோனாவுக்குப் பயந்து ஆட்கள் வைத்தியசாலைப் பக்கமே போகவில்லை. 70 நாடுகளின் 457 பாரிசவாத நிலையங்களின் தரவுகளைப் பார்த்தால், அந்த மார்ச் முதல் ஜூன் வரையான நான்கு மாதங்களில் பாரிசவாதத்துக்கு அனுமதிக்கப்பட்டோர் அதற்கு முந்திய நான்கு மாதங்களைவிட 11.5 வீதம் குறைந்திருந்தனர். நோய் குறைந்திருக்கும் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் படுத்துப் பார்ப்போம் என்று இருந்தவர்கள் அதில் எத்தனை பேரோ.

இங்கிலாந்தில் வட மத்திய லண்டனிலும் கிழக்குக் கென்ற் பகுதியிலும் அப்போது ஒரு புதுமுறை வந்தது. நிபுணரை வைத்தியசாலையில் காத்திருக்க வைக்காமல், அம்புலன்ஸ்காரர் நிற்கும் வீட்டு வரவேற்பறைக்கே காணொளியில் அழைத்தார்கள். பெரிய இயந்திரம் ஒன்றும் இல்லை. கையிலிருந்த ஐபாட்டில் பேஸ்ரைம், அவ்வளவுதான். நோயாளி சிரிப்பதையும் கையைத் தூக்குவதையும் பேசுவதையும் நிபுணர் பார்த்து, எங்கே கொண்டுபோவது என்று சொன்னார்.

இதன் பயனை விளங்க ஒன்றைத் தெரிந்திருக்க வேண்டும். பாரிசவாதம் போலத் தெரிவதெல்லாம் பாரிசவாதம் அல்ல. சர்க்கரை இறங்கினாலும், வலிப்புக்குப் பிறகும், ஒற்றைத் தலைவலியிலும் அப்படியே தோன்றலாம். அவர்களையும் பாரிசவாதப் பிரிவுக்குக் கொண்டுபோனால் கட்டில் நிரம்பும், கிருமியும் தொற்றும். கென்ற்றில் இன்னொரு காரணமும் இருந்தது. அங்கே பாரிசவாதப் பிரிவைக் கன்ரர்பரி வைத்தியசாலைக்கு மாற்றினார்கள், அங்கோ அவசர சிகிச்சைப் பிரிவு கிடையாது. தவறான ஆளைக் கொண்டுபோனால் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். ஆகவே வாசலிலேயே சரியாகப் பிரிப்பது அவசியமாயிற்று.

பின்னர் நடந்த மதிப்பீட்டில், வைத்தியர்களும் அம்புலன்ஸ் ஊழியர்களும் பெரும்பாலும் இதை வரவேற்றிருந்தார்கள். சிக்னல் கிடைக்காமல் அறுந்துபோவதுதான் தொல்லை. ஒரு குறிப்பு: அது இரு குழுக்களாகப் பிரித்து ஒப்பிட்ட பரிசோதனை அல்ல. இந்த முறையால் எத்தனை உயிர் தப்பியது என்று அதை வைத்து யாரும் சொன்னால் நம்பவேண்டாம்.

எம்மவருக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு, அது மொழி. நிபுணர் கேட்கும் முதல் கேள்விகள் 'இது என்ன மாதம்?', 'உங்கள் வயது என்ன?' என்பவை. பிறகு கண்ணை மூடித் திறக்கச் சொல்வார், படத்திலுள்ள பொருட்களின் பெயரைக் கேட்பார். ஆங்கிலம் தெரியாத அம்மம்மா பேசாமல் இருந்தால், பேச்சு போய்விட்டதா, கேள்வி விளங்கவில்லையா? திரையில் பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? பெருந்தொற்றுக் காலத்தில் பிள்ளைகள் அம்புலன்ஸில் கூடப் போகவும் பெரும்பாலும் விடவில்லை. அந்த நிலையில் வீட்டில் நடக்கும் காணொளிதான் பிள்ளை பக்கத்தில் நின்று தமிழில் கேட்டுச் சொல்லக் கிடைத்த ஒரே நேரம்.

அப்படிச் சொல்லும்போது பாசத்தில் திருத்திச் சொல்லக்கூடாது. அம்மா தண்ணீர் என்பதற்குப் பதிலாகப் பொருளில்லாத ஒரு சொல்லைச் சொன்னால், 'தண்ணீர் கேட்கிறா' என்று மொழிபெயர்ப்பது நோயை ஒளிப்பதாகும். சொல் குழறுகிறது என்பதே வைத்தியருக்கு வேண்டிய தகவல். பிள்ளைகள் இல்லாவிட்டால் தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை இணைக்கும்படி கேட்கலாம்.

வைத்தியர் கட்டாயம் கேட்பவை இன்னும் இரண்டு. ஒன்று, கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்? காலையில் எழும்பும்போதே கை விழுந்திருந்தால் படுக்கப்போன நேரத்திலிருந்துதான் கணக்கு. மற்றது, குருதி உறையாமல் இருக்க வோபரின், அபிக்சபான் போன்ற மருந்து எடுக்கிறாரா? இருப்பின், கடைசியாக எத்தனை மணிக்கு? இதற்கிடையில் வீட்டில் அஸ்பிரின் கொடுக்கவேண்டாம், வெடிப்பா அடைப்பா என்று எங்களுக்குத் தெரியாது. பத்து நிமிடத்தில் கை சரியாகிவிட்டாலும் 999 ஐ அழைக்கவேண்டும், அது பெரியதொன்றின் முன்னறிவிப்பாக இருக்கலாம்.

பிறந்த திகதி, நோய்கள், மருந்துகள், பேசும் மொழி, பிள்ளைகளின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைக்கலாம். மருந்து மாறும்போது திகதி போட்டுப் புதிதாக எழுதவேண்டும். பழைய தாளைக் கிழித்துவிடவும்.