பள்ளத்துக் குளிரும் மேட்டுக் குளிரும்

1784 டிசம்பர் 10, இரவு பதினொரு மணி. இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் உள்ள செல்போர்ன் என்ற சிற்றூரில் ஒரு வெப்பமானி, ஃபாரன்ஹீட் கணக்கில், சுழியத்துக்கும் ஒரு டிகிரி கீழே இறங்கி நின்றது. நமக்குப் பழக்கமான செல்சியஸில் அது மைனஸ் 18. அதே நேரத்தில் பக்கத்து ஊரான நியூட்டன் வேலன்ஸில் இன்னொரு வெப்பமானி காட்டியது 17 ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 8 செல்சியஸ். நியூட்டன் மேட்டில் இருக்கிறது. செல்போர்னைவிட இருநூறு அடிக்கும் மேலான உயரம். மேலே போகப் போகக் குளிர் கூடும் என்பது பொது அனுபவம். அந்த உயரத்துக்கு வழக்கமான கணக்குப்படி நியூட்டனில் சுமார் அரை டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர் கூடியிருக்க வேண்டும். நேர்மாறாகப் பத்து டிகிரி குறைந்திருந்தது.

இந்த இரண்டு எண்களையும் நமக்கு விட்டுச் சென்றவர் கில்பர்ட் வைட் (1720–1793). பாதிரியார், வானிலை பார்ப்பது அவர் தொழிலன்று. மழை, காற்று, தோட்டத்தில் பூத்தவை, வந்து சேர்ந்த பறவைகள் என்று அன்றாடம் எழுதி வைத்தவர். 1789இல் வெளியான 'செல்போர்னின் இயற்கை வரலாறு' நூலில் இந்த டிசம்பருக்கென்றே ஒரு கடிதம் இருக்கிறது. உள்ளூர் வானிலை பற்றிப் பொழுதுபோக்காளர் ஒருவர் எழுதியவற்றில் இதற்கு ஈடான வேறொன்றை நான் படித்ததில்லை.

மாதத்தின் முதல் வாரம் முழுக்க ஈரம். 7ஆம் தேதி பெரும் பனிப்பொழிவு தொடங்கியது. 9ஆம் தேதி காலையில் தரையில் பன்னிரண்டு முதல் பதினைந்து அங்குலம் பனி, பாதைகள் மூடிவிட்டன. அன்று மாலை காற்றில் கூர்மை ஏறவே, வைட் இரண்டு வெப்பமானிகளை வெளியே தொங்கவிட்டார். ஒன்று மார்ட்டின் செய்தது, மற்றது டாலண்ட் செய்தது. பத்து மணிக்கு 21, பதினொரு மணிக்கு 4. விடிவதற்குள் மார்ட்டின் கருவி பயனற்றுப் போயிற்று: அதன் அளவுக்கோடுகள் 4 டிகிரியோடு முடிந்திருந்ததால், பாதரசம் அடியிலிருந்த பித்தளைக் காப்புக்குள் மறைந்துவிட்டது. டாலண்ட் மட்டும் சுழியத்துக்குக் கீழே அரை டிகிரி என்று காட்டியது. 10ஆம் தேதிப் பகலில், நல்ல வெயிலில், காற்றெங்கும் பனி ஊசிகள் மிதந்ததையும் அவர் குறித்திருக்கிறார்.

இங்கேயே இப்படியென்றால் மேட்டில் எப்படியிருக்கும் என்ற ஆவலில், நியூட்டன் நண்பருக்கு எழுதி, காலையும் மாலையும் பார்த்துச் சொல்லக் கேட்டார். வந்த எண்கள் அவரைக் கலங்கடித்தன. நண்பரின் கருவி பழுதோ என்று சந்தேகித்து, தன் வெப்பமானி ஒன்றையே மேட்டுக்கு அனுப்பினார். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். ஒரே அளவைத்தான் காட்டின. தான் எதிர்பார்த்தது பொய்த்தது என்று ஒப்புக்கொண்டு, அதை அப்படியே எழுதினார். நூலில் நண்பரின் பெயர் அச்சிடப்படவில்லை. ஆனால் இந்த ஒப்பீட்டில் பாதி உழைப்பு அவருடையது. உறையும் இரவில், அடுத்த ஊர்க்காரர் கேட்டார் என்பதற்காக வெளியே போய்ப் பாதரசத்தைப் பார்த்தவர் அவர்.

ஏன் இப்படி நேர்ந்தது? காற்று கொஞ்சமும் அசையாதிருந்தபோதும் இவ்வளவு குளிரா என்று வைட் வியந்தார். அசையாதிருந்ததுதான் காரணம். மேகமற்ற இரவில் தரை தன் வெப்பத்தை வானுக்கு இழக்கிறது. மேலே பனி போர்த்தியிருந்தால் மண்ணுக்குள் இருக்கும் சூடு வெளியே வர வழியில்லை. பனியின் மேற்பரப்பு விரைவாகக் குளிர்ந்து, தன்னைத் தொட்ட காற்றையும் குளிர வைக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. கலைத்துவிடக் காற்றோட்டம் இல்லையென்றால், அது மழைநீர்போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். செல்போர்ன் ஒரு குன்றின் அடிவாரம். தரை இரவில் வெப்பம் இழக்கும் விதத்தை, பனித்துளி பற்றிய தன் ஆய்வில் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் தெளிவாக விளக்கியது 1814இல்தான். அதற்குள் வைட் இறந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.

நீலகிரிக்காரர்களுக்கு இது புதிதல்ல. டிசம்பர், ஜனவரியில் ஊட்டியைச் சுற்றி, தலைகுந்தா போன்ற தாழ்வான புல்வெளிகள்தான் காலையில் வெளுத்துக் கிடக்கும். தேயிலை கருகுவதும் சரிவைவிடப் பள்ளத்தில்தான் அதிகம்.

ஒரு சந்தேகத்தை மட்டும் எளிதில் தள்ளிவிட முடியாது. வெப்பமானியைச் சட்டகமிட்ட மரப்பெட்டிக்குள் வைக்கும் ஸ்டீவன்சன் முறை வந்தது 1860களில். வைட்டின் கருவியும் நண்பரின் கருவியும் வெட்டவெளியில் தொங்கியவை. ஒன்று சுவருக்கு அருகிலும் மற்றது பனிக்கு அருகிலும் இருந்திருந்தால், அதுவே சில டிகிரி வேறுபாட்டைக் காட்டும். கருவிகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது கருவியின் பிழையைத்தான் நீக்கும். தொங்கிய இடத்தின் பிழையை நீக்காது.

அங்கேதான் மரங்களின் சாட்சியம் தேவைப்படுகிறது. வைட்டின் தோட்டத்தில் லாரல், சைப்ரஸ், போர்ச்சுகல் லாரல் எல்லாம் தீயில் வாட்டியதுபோல் கருகின. அவர் ஆசையாய் வளர்த்த லாரல் வேலியும் போயிற்று. நியூட்டனில் அதே வகை மரங்கள் ஓர் இலைகூட இழக்கவில்லை. வெப்பமானி தொங்கிய இடத்தைக் காரணம் காட்டி இதை மறுக்க முடியாது.

சிலிர்க்க வைப்பது 10ஆம் தேதி எண்தான் என்றாலும், நான் அதிகம் நம்புவது 25ஆம் தேதியை. அன்று காலை செல்போர்னில் 10, நியூட்டனில் 21. இடைவெளி குறைந்திருந்தாலும், இரண்டு வாரம் கழிந்தும் வேறுபாடு அதே பக்கம்தான். அந்த உறைபனிக் காலம் முழுவதும் பத்துப் பன்னிரண்டு டிகிரி ஃபாரன்ஹீட் வேறுபாடு இருந்தது என்று வைட் எழுதுகிறார். முதல் இரவின் அதிசயத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் இருவரும் பார்த்துக்கொண்டே இருந்ததால்தான், 1785 ஜனவரி 3இல் பனி இளகி மழை விழும்வரை, அவ்வளவு அருகருகே இருந்த இரண்டு ஊர்களுக்கு இரண்டு குளிர்காலங்கள் இருந்தன என்று இன்று உறுதியாகச் சொல்ல முடிகிறது.