சைலென்சரைக் கழட்ட முதல்

யாழ்ப்பாணத்தில் வீட்டு முற்றத்தில் கார் கழட்டிப் பூட்டின வரலாறு எண்டால், அதை மண்ணெண்ணெயில இருந்துதான் தொடங்கவேணும்.

1990இல் போர் மறுபடி தொடங்க, வடக்குக்குப் பெற்றோல் வாறதை அரசாங்கம் தடைசெய்தது. அந்தக் காலத்திலேயே தீவகம் இராணுவத்தின்ர கைக்குப் போனது. ஊர்காவற்றுறை, வேலணைச் சனத்தில் பெரும்பகுதி குடாநாட்டுக்கு இடம்பெயர்ந்தது. அங்க ஓடினது ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் மாதிரியான பழைய பிரித்தானியக் கார்கள். சின்னப் போத்தலில் இருக்கிற கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள்ள விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெயில ஓடவிட்டார்கள். குளிர்ந்த எஞ்சினுக்குள்ள மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது, அதுதான் காரணம்.

அந்த எஞ்சின்கள் இதைத் தாங்கினதுக்கும் காரணம் இருக்கு. அவை காற்றை அமுக்கிற அளவு குறைவு. மட்டமான எரிபொருளிலும் பெரிசாய்த் தட்டாமல் ஓடும். ஆனால் விலை குடுக்கவேண்டி இருந்தது. பிளக்கிலும் வால்விலும் கரி படியும், எஞ்சின் ஒயிலில் மண்ணெண்ணெய் கலக்கும், றோட்டில் புகை நிக்கும். அதை மூச்சோட இழுத்ததும் எங்கட சனம்தான்.

இப்ப தீவகத்து றோட்டுகளில் ஓடுறது வேற தலைமுறை. யப்பானின் 660 சிசி சின்னக் கார்களில் பலதுக்கு டேர்போ இருக்கு. இதன்ர மூலக் கருத்துக்கு சுவிஸ் பொறியியலாளர் அல்பிரட் பூசி 1905இல் காப்புரிமை எடுத்தார். வீணாய்ப் போற புகை ஒரு சில்லைச் சுத்தும். அதே தண்டில் இருக்கிற மற்றச் சில்லு காற்றை அமுக்கி எஞ்சினுக்குள்ள தள்ளும். 1962இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்பயரும் செவ்ரோலே கோர்வேரும் இதைப் பயணிகள் காருக்குக் கொண்டுவந்தன.

அதனால்தான் டேர்போக் காரில் கொம்பனிக் குழாயைக் கழட்ட இளையவைக்கு ஆசை. சில்லுக்குப் பின்னால புகைக்கு வழி லேசானால் டேர்போ கெதியாய்ச் சுத்தும். இது உண்மை. ஆனால் காற்று அமுக்கம் கட்டுப்பாட்டை மீறிப் போனால், மண்ணெண்ணெயைத் தாங்கின ஏ-40 மாதிரி இந்த எஞ்சின் பொறுக்காது.

கழட்டுற வேலையும் லேசில்லை. பண்ணைத் தாம்போதியிலும் புங்குடுதீவுத் தாம்போதியிலும் அடிக்கிற உப்புக்காத்து நட்டுகளைத் துருவாக்கி இறுக்கிப்போடும். முதல்நாளே துரு இளக்கிற எண்ணெய் விட்டு ஊறவிடவேணும். எஞ்சின் நல்லாய் ஆறவேணும், பற்றரியின் வயரைக் கழட்டவேணும். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழ போகக்கூடாது, ஸ்ராண்ட் கட்டாயம். ஒக்சிசன் சென்சரின்ர வயரை இழுத்து அறுக்காமல் கிளிப்பைக் கழட்டவேணும். ரப்பர் கொழுவிகளுக்குச் சவர்க்காரத் தண்ணி போதும்.

அந்தக் குழாய்க்கு நடுவில் இருக்கிற பெட்டியில்தான் கேள்வியே. 1975இல் அமெரிக்கக் கார்களில் பரவலாய் வந்த வினையூக்கி மாற்றி அது. உள்ளுக்குள்ள பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூசியிருக்கும். காபன்மொனொக்சைட்டையும் எரியாத எரிபொருளையும் கூடியவரை எரிச்சுவிடும். ஈயம் கலந்த பெற்றோல் அதைக் கெடுத்துப்போடும். இலங்கையில் அந்தப் பெற்றோல் 2002இல் நிண்டது. அதே வருசம் யுத்தநிறுத்தத்தோட ஏ-9 திறந்து, எரிபொருளும் தாராளமாய் வடக்குக்கு வந்தது. மண்ணெண்ணெய்ப் புகையில் இருந்து நாங்கள் வெளியில வந்தது இப்படித்தான்.

தடைக்காலத்து மெக்கானிக்குகளை நாங்கள் பெருமையாய்ச் சொல்லுறம், சொல்லவும் வேணும். ஆனால் அவர்கள் கழட்டினது காரை ஓடவைக்க. இல்லாமையில் புகை விட்டார்கள், ஆசையில் இல்லை. அந்தக் கைவேலையின்ர வாரிசு எண்டு சொல்லிக்கொண்டு அந்தப் பெட்டியை வெட்டி எறிஞ்சால், அவர்கள் வேறவழியில்லாமல் விட்ட புகையை நாங்கள் விரும்பி விடுறம். துருப்பிடிச்ச குழாயைக் கழட்டுங்கோ, மாத்துங்கோ, பழகுங்கோ. பெட்டியைத் திரும்பப் பூட்டுங்கோ.