மறுமுனையில் ஒரு கணம்

காரமடைப் பக்கத்து மைதானங்களில் ஞாயிறுதோறும் நடக்கும் டென்னிஸ் பந்து ஆட்டங்களில் ஒரு சச்சரவை நாம் அடிக்கடி காண்கிறோம். பந்து கையைவிட்டு நீங்குமுன்னே மறுமுனை மட்டையாளன் கோட்டைத் தாண்டுகிறான். ஓடிவந்த பந்துவீச்சாளன் நின்று ஸ்டம்பைத் தட்டிவிடுகிறான். "சொல்லாம எப்படிடா அடிப்ப?" என்று ஒரு தரப்பு, "கோட்டுக்குள்ளயே நிக்க வேண்டியதுதானே?" என்று மறுதரப்பு. இடையில் நடுவர் திண்டாடுகிறார்.

இச்சச்சரவின் வரலாறு நீண்டது. 1947 டிசம்பர் 13 அன்று சிட்னி டெஸ்டில் வினூ மன்கட், ஆஸ்திரேலியாவின் பில் பிரவுனை இம்முறையில் வெளியேற்றினார். முந்தைய மாதம் நடந்த பயிற்சி ஆட்டத்திலேயே பிரவுனை ஒருமுறை எச்சரித்து, பின்னரே ஆட்டமிழக்கச் செய்திருந்தார். எதிரணித் தலைவரான பிராட்மன் தம் நூலில் மன்கட்டின் பக்கமே நின்றார். ஆயினும் அவர் பெயர் பல்லாண்டுகள் ஒரு வசைச்சொல்லாகவே வழங்கியது.

நடுவரின் உண்மையான சிக்கல் வேறு. எந்தக் கணம் வரை பந்துவீச்சாளருக்கு இவ்வுரிமை உண்டு? 2000ஆம் ஆண்டு விதித்தொகுப்பு, பந்து எறியும் இறுதி எட்டை வைக்கும் முன்பு வரை என்றது. 2017ஆம் ஆண்டுத் தொகுப்போ, பந்தை வழக்கமாக விடுவார் என எதிர்பார்க்கும் கணம் வரை என்றது. எதிர்பார்ப்பை எந்த அளவுகோலால் அளப்பது?

2019 மார்ச் 25 அன்று ஜெய்ப்பூரில் அஸ்வின், ஜாஸ் பட்லரை வெளியேற்றியபோது இக்கேள்வி விசுவரூபம் எடுத்தது. மூன்றாம் நடுவர் புரூஸ் ஆக்சன்ஃபோர்டு ஆட்டமிழப்பு என்றார். விதிகளைக் காக்கும் எம்.சி.சி. முதலில் இவ்விதியின் தேவையை வலியுறுத்தியது. மறு ஆய்வுக்குப்பின், அஸ்வின் தயங்கிய இடைவெளி மிக நீண்டது, அது ஆட்ட உணர்வுக்கு ஒவ்வாதது என்றது. அமெரிக்கப் பேஸ்பாலில் எறிபவர் வீசத் தொடங்கிவிட்டு நின்றால் 'பாக்' என்னும் குற்றம். ஓட்டக்காரர்கள் ஒரு தளம் முன்னேறுவர். ஏமாற்றும் தயக்கத்தைக் கண்டறிவது அங்கும் நடுவர் கண்ணையே சார்ந்தது.

2022 அக்டோபரில் இவ்விதி 'முறையற்ற ஆட்டம்' என்னும் பகுதியிலிருந்து 'ரன் அவுட்' பகுதிக்கு மாற்றப்பட்டது. 2023 ஜனவரியில் மெல்பர்னில் ஆடம் ஜாம்பா இவ்வாறு ஸ்டம்பைத் தட்டியபோது, கை உச்சியைக் கடந்துவிட்டதெனக் கூறி நடுவர்கள் மறுத்தனர். அதே மாதம் எம்.சி.சி. சொற்களைத் திருத்தி, அக்கணத்தை அடைந்தபின் உரிமை இல்லை எனத் தெளிவாக்கியது. மனநிலையை அளப்பதினும் கையை அளப்பது நடுவருக்கு எளிது.

எனில் எச்சரிக்கை? விதி அதை எக்காலத்தும் கட்டாயமாக்கவில்லை. புறநானூற்றின் 9ஆம் பாடலில் பாண்டியன் முதுகுடுமி, அம்பு விடுமுன் பசுக்களும் பெண்டிரும் பிணியுற்றோரும் அரண் தேட அறிவிக்கிறான். நெட்டிமையார் அதைப் போற்றுகிறார். எல்லா மன்னரும் செய்தேயாக வேண்டிய கடமையாக அது இருந்திருப்பின் புலவர் தனித்துப் பாடியிருக்க மாட்டார் என்றே நமக்குத் தோன்றுகிறது. எச்சரிப்பது புகழுக்குரியது, எச்சரியாமை குற்றமன்று. மைதானத்து நடுவர் குற்றத்தை மட்டும் பார்க்கட்டும். புகழைப் பாடுவது வேறு எவருடைய வேலையோ.