சிதம்பர ரகசியம்

"அதென்ன பெரிய சிதம்பர ரகசியமா?" என்று கேட்காத வாய் எங்கள் திசையன்விளையில் கிடையாது. கடை வரவு செலவானாலும் சரி, பெண் பார்த்துவிட்டு வந்த சேதியானாலும் சரி, கொஞ்சம் மழுப்பினால் போதும், இந்தக் கேள்வி வந்துவிடும். 1985-இல் விசு இந்தப் பெயரிலேயே ஒரு படம் எடுத்தார்.

நான் பிறந்தது இந்த ஊர். படித்தது காரைக்காலில், பிரெஞ்சு வழியில். அப்பாவுக்கு அங்கே பலசரக்குக் கடை. ஒருநாள் வகுப்பில் 'போலிஷினெல்லின் ரகசியம்' என்றொரு பிரெஞ்சுத் தொடர் வந்தது. போலிஷினெல் பொம்மலாட்டத்தில் வரும் கூனன். அவன் வாயில் எதுவும் தங்காது. ஊருக்கே தெரிந்த ரகசியத்துக்கு அவன் பெயர். இதற்குத் தமிழில் என்ன என்று வாத்தியார் கேட்டார். நான் எழுந்து, "சிதம்பர ரகசியம்" என்றேன். "நீ சிதம்பரம் போனதில்லை போலிருக்கிறது" என்று சிரித்தார். உண்மைதான்.

போய்ப் பார்த்தபோது விளங்கியது. சிற்சபையில் நடராஜருக்கு வலப்பக்கம் ஒரு திரை. வெளிப்புறம் கறுப்பு, உட்புறம் சிவப்பு. அதை விலக்கி ஆரத்தி காட்டுவார்கள். உள்ளே சிலை கிடையாது, தங்க வில்வ மாலை மட்டும் வெறும் இடத்தில் தொங்கும். பஞ்சபூதத் தலங்களில் சிதம்பரம் ஆகாயம். அந்த வெறும் இடம்தான் அங்கே சாமி. (நம் குற்றாலம் சித்திர சபையில் நடராஜர் ஓவியமாக இருக்கிறார். அது வேறு அழகு.) யாரும் எதையும் ஒளிக்கவில்லை, திரையைத் திறந்தே காட்டுகிறார்கள். ஆனால் பேச்சு வழக்கில் ஆகாயத்தை விட்டுவிட்டுத் திரையை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

ஆபீசில் அந்தத் திரைக்குப் பெயர் 'மந்தணம்'. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், முதியோர் உதவித்தொகைக்கு மனு கொடுத்த ஒரு பெரியவர் அடிக்கடி வருவார். "உங்களைப் பற்றி மேலே அறிக்கை போயிருக்கிறது, மந்தணம், சொல்லக்கூடாது" என்று சொல்லும்படி எனக்கு உத்தரவு. அப்படியே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அதுல அப்படி என்ன தம்பி சிதம்பர ரகசியம்?" என்றுதான் கேட்டார்.

அவர் போனபின் கட்டை அவிழ்த்துப் பார்த்தேன். அறிக்கை எதுவும் இல்லை. விசாரணைக்கே யாரும் போகவில்லை. அவர் கொடுத்த மனு மட்டும் கிடந்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. அடுத்த முறை வந்தபோதும் மந்தணம் என்றே சொன்னேன்.

வெள்ளைக்காரன் 1923-இல் போட்ட ரகசியக் காப்புச் சட்டத்தைச் சொல்லித்தான் எங்களைப் பயமுறுத்துவார்கள். அந்தச் சட்டத்துக்கும் ஒரு கிழவரின் மனுவுக்கும் என்ன சம்பந்தம் என்று நாங்கள் கேட்டதில்லை. தமிழ்நாட்டில் தகவல் பெறும் உரிமைக்கு 1997-இல் ஒரு சட்டம் வந்தது. 2005 அக்டோபர் 12 முதல் மத்திய அரசின் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. பத்து ரூபாய் கட்டினால் தன் மனு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கலாம்.

அந்தப் பெரியவர் அதற்கு வெகுகாலம் முன்பே வருவதை நிறுத்திவிட்டார்.